உழைக்க வரலாம், உறுப்பினராக முடியாதா?

சிங்கப்பூர்த் தீவின் வடபகுதியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெயர், வட்டாரம், சங்கத்தின் பெயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவர் சிங்கப்பூர்க் குடிமகள், வயது நாற்பதுக்கு மேல். அவருடைய வட்டாரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இயங்கும் பதிவுபெற்ற தமிழ்ச் சேவைச் சங்கம் ஒன்று இருக்கிறது. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, வாடகை வீடுகளில் தனியாக வசிக்கும் முதியவர்களுக்கு அவர்கள் காலை உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வாசகியின் கணவர் பதினோரு ஆண்டுகளாக உறுப்பினர். வாசகியோ ஆறு ஆண்டுகளாக விடியற்காலை நான்கரை மணிக்கே எழுந்துபோய் சாம்பார் கொதிக்க வைத்து, இட்லி பொட்டலம் கட்டி, புளோக் புளோக்காக ஏறி இறங்குகிறார். சங்கத்தில் நாற்பத்தாறு உறுப்பினர்கள், எல்லோரும் ஆண்கள். சமையலிலும் விநியோகத்திலும் பாதிக்கு மேல் பெண்கள். உறுப்பினர்களுக்குச் சின்னம் பொறித்த நீலச் சட்டை, மற்ற தொண்டூழியர்களுக்கு எதுவும் எழுதாத மஞ்சள் சட்டை. வருகைப் பதிவுக்கும் இரண்டு தனித்தனி நோட்டுப் புத்தகங்கள்.

சென்ற ஆண்டு மூன்று பேர் உறுப்பினராக விண்ணப்பித்தார்கள். ஒருவர் இந்த வாசகி. இன்னொருவர் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும், வேலை அனுமதி அட்டை வைத்திருக்கும் தமிழ்நாட்டு இளைஞர். நான்கு ஆண்டுகளாக விடுதியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து கனமான அண்டாக்களைத் தூக்குபவர். மூன்றாமவர் வாசகியின் மலாய் அண்டைவீட்டுக்காரர். மூவருக்கும் ஒரே வரியில் பதில் வந்தது: விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலவில்லை. நேரில் கேட்டபோது துணைத்தலைவர் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார். வாசகியிடம், “ஒரு வீட்டுக்கு ஒரு உறுப்பினர் போதும்மா, அண்ணன்தான் இருக்காரே.” இளைஞரிடம், “வொர்க் பெர்மிட் ஆளுங்களைச் சேர்த்தா பதிவாளர்கிட்ட பிரச்சினை வரும்.” மலாய்ப் பெண்மணியிடம், “இது தமிழர் சங்கம், தப்பா எடுத்துக்காதீங்க.”

வாசகியின் கேள்விகள் இவை. அரசமைப்புச் சட்டம் எல்லோரும் சமம் என்கிறதே, இது சட்டவிரோதம் இல்லையா? வேலையிடப் பாகுபாட்டுக்கு எதிராக வந்திருக்கும் புதிய சட்டத்தின் கீழ் புகார் செய்யலாமா? பதிவாளரிடம் சொன்னால் சங்கத்தின் பதிவை ரத்து செய்வார்களா? இல்லையென்றால் நாங்களே பத்துப் பதினைந்து பேர் தனியாகப் பிரிந்து உடனே வேலையைத் தொடங்கலாமா? கடைசியாக ஒன்று: “எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கில் எழுதிவிடலாம் போலிருக்கிறது. என் வீட்டுக்காரர்தான் வேண்டாம், நண்பர்களிடையே மனஸ்தாபம் வரும் என்கிறார்.”

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பாதித்தது அந்த இரண்டு நோட்டுப் புத்தகங்கள்தான். வேலை வாங்குவதற்கு யாரையும் வேறுபடுத்திப் பார்க்காத ஒரு சங்கம், முடிவெடுக்கும் இடத்துக்கு வரும்போது மட்டும் ஆளைப் பிரிக்கிறது. இது சரியில்லை. வழக்கறிஞராக நான் அடுத்துச் சொல்லப்போகும் பல விஷயங்கள் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம் என்பதால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் உங்கள் பக்கம் அவ்வளவாக இல்லை. ஆனால் உங்கள் சங்கத்தின் விதிப்புத்தகம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. நீங்கள் இணைத்து அனுப்பிய இரண்டு பக்கங்களைப் படித்த பிறகே இதைச் சொல்கிறேன்.

சட்டம் எதுவரை வரும்?

அரசமைப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. உண்மைதான். ஆனால் அது அரசாங்கத்தையும் பொது அதிகார அமைப்புகளையும் கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்டது. சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துக் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக்கூடாது என்று சொல்லும் அதன் இரண்டாம் உட்பிரிவும் சட்டங்களையும் பொது அமைப்புகளின் பதவி நியமனங்களையும் போன்றவற்றைப் பற்றியதுதான். அந்தப் பட்டியலில் ஆண், பெண் என்ற பேதம் குறிப்பிடப்படவும் இல்லை. ஒரு தனியார் சங்கத்தின் செயற்குழு உங்கள் விண்ணப்பத்தை நிராகரித்ததற்கு எதிராக அந்தப் பிரிவைக் காட்டி வழக்குப் போட முடியாது. 14ஆவது பிரிவு குடிமக்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமையைத் தருகிறது. யாரோடு சேர்ந்து சங்கம் நடத்துவது என்று தேர்ந்துகொள்வதும் அந்த உரிமைக்குள் வருவதாகத்தான் பொதுவாகப் பார்க்கப்படுகிறது. இனம், மொழி, மதம் பாராமல் ஒன்றுபடுவோம் என்று பள்ளியில் நாம் எல்லோரும் நெஞ்சில் கைவைத்துச் சொன்ன தேசிய உறுதிமொழியையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை அந்தப் பெரியவர்களுக்கு நினைவுபடுத்துவதில் தவறே இல்லை. ஆனால் நீதிமன்றத்தில் அதை வைத்து ஓர் உத்தரவு வாங்க முடியாது.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டமும் உங்களுக்கு உதவாது. அது முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான சட்டம். வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு, பணிநீக்கம் போன்றவற்றைத்தான் பேசுகிறது. நீங்கள் சங்கத்தின் ஊழியர் இல்லை. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், இருபத்தைந்து பேர் அல்லது அதற்கு மேல் உள்ள சங்கங்கள் உறுப்பினர் சேர்க்கையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. குறிப்பிட்ட ஒரு பிரிவினருக்கென்றே அமைந்த சங்கங்களுக்கு விதிவிலக்கும் உண்டு. நம்மிடம் அப்படியொரு சட்டம் கிடையாது. என்னைக் கேட்டால், குறைந்தபட்சம் பொதுமக்களிடம் நன்கொடை வாங்கும் சேவைச் சங்கங்களுக்காவது அப்படியொன்று வேண்டும். ஆனால் இன்று இல்லாததை இருப்பதாக எண்ணி நீங்கள் செலவு செய்யக்கூடாது.

உறுப்பினருக்கும் வெளியில் நிற்பவருக்கும் சட்டத்தின் பார்வையில் பெரிய வித்தியாசம் உண்டு. சங்க விதிகளை நீதிமன்றம் உறுப்பினர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தமாகப் பார்க்கிறது. ஒப்பந்தத்துக்குள் இருப்பவருக்கு உரிமை உண்டு. 2008இல் சிங்கப்பூர் ஐலண்ட் கன்ட்ரி கிளப் தொடர்பான வழக்கில், ஓர் உறுப்பினரை இடைநீக்கம் செய்த விதம் இயற்கை நீதிக்குப் புறம்பானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்ளே இருப்பவரை நீக்குவதென்றால் குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும், நடுநிலையாக முடிவெடுக்க வேண்டும். உள்ளே வரக் காத்திருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

இங்கிலாந்தில் 1966இல் நடந்த ஒரு வழக்கை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஃபுளோரன்ஸ் நேகல் என்ற பெண்மணி பல ஆண்டுகளாகப் பந்தயக் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுத்து வந்தார். பெண் என்பதால் அவருக்கு உரிமம் தர, குதிரைப் பந்தயங்களைக் கட்டுப்படுத்திய ஜாக்கி கிளப் மறுத்தது. அவரிடம் வேலை பார்த்த லாயத் தலைமைப் பணியாளரான ஓர் ஆணின் பெயரில்தான் உரிமம் இருந்தது. வேலை அவருடையது, பெயர் இன்னொருவருடையது. ஒருவர் தொழில் செய்து பிழைக்கும் உரிமையையே ஓர் அமைப்பு தன் கையில் வைத்திருக்கும்போது அது இஷ்டப்படி மறுக்க முடியாது, வழக்கை விசாரிக்கத்தான் வேண்டும் என்றது நீதிமன்றம். அதன் பிறகு அவருக்கு உரிமம் கிடைத்தது. ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதி டென்னிங் இன்னொன்றையும் சொன்னார்: நண்பர்கள் கூடிப் பழகும் சாதாரண மன்றமாக இருந்தால், நிராகரிக்கப்பட்டவருக்கு வழக்கே இல்லை, ஏனென்றால் அவரோடு யாரும் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. உங்கள் சங்கம் இந்த இரண்டாவது வகையில்தான் வருகிறது.

பதிவாளர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சங்கங்களின் பதிவாளர் அலுவலகம் உட்பூசல்களில் தலையிட்டு, இவரைச் சேர், அவரைச் சேர்க்காதே என்று உத்தரவு போடாது. பதிவு ரத்து என்பது அதைவிடப் பல மடங்கு கடுமையான காரணங்களுக்கானது. யோசித்துப் பாருங்கள், பதிவு ரத்தானால் அந்த வாடகை வீட்டுப் பாட்டிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை இட்லி யார் கொண்டுபோவார்கள்? நீங்கள் விரும்புவதும் அது இல்லை என்று உங்கள் கடிதமே காட்டுகிறது.

துணைத்தலைவர் சொன்ன மூன்று காரணங்கள்

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் உறுப்பினர் தகுதி பற்றிய விதி இப்படி இருக்கிறது: சங்கத்தின் நோக்கங்களை ஏற்கும், பதினெட்டு வயது நிரம்பிய எவரும் உறுப்பினராகலாம், விண்ணப்பங்கள் குறித்துச் செயற்குழு முடிவெடுக்கும். நோக்கம் என்ற பகுதியில் வட்டாரத்தில் வசதி குறைந்தோருக்குச் சேவை செய்வது என்றுதான் இருக்கிறது. ஆண் என்றோ, தமிழர் என்றோ, குடியுரிமை என்றோ ஒரு சொல்கூட இல்லை.

ஒரு வீட்டுக்கு ஒருவர் போதும் என்பது விதியே இல்லை, பழக்கம். அண்ணன், தம்பி இரண்டு பேர் உறுப்பினராக இருக்கும் வீடு சங்கத்தில் உண்டா என்று உங்கள் கணவரிடம் கேட்டுப் பாருங்கள். இருந்தால் அந்தக் காரணம் அங்கேயே விழுந்துவிடும்.

தமிழர் சங்கம் என்ற பதிலில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கலாம். சிங்கப்பூரில் ஓர் இனத்துக்கோ, குலத்துக்கோ, ஊர்க்காரர்களுக்கோ மட்டுமான சங்கங்கள் சட்டப்படி இயங்குகின்றன. மொழியையும் பண்பாட்டையும் காப்பாற்ற அப்படிப்பட்ட சங்கங்கள் தேவை என்பதே என் எண்ணமும். ஆனால் அப்படி இருக்க விரும்பும் சங்கம் அதைத் தன் விதியில் எழுதி வைத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் திறந்தது என்று விதியில் எழுதிவிட்டு, வாய்மொழியாக வேறு காரணம் சொல்லக்கூடாது. உங்கள் அண்டைவீட்டுக்காரரிடம் அந்தப் பதிலைச் சொன்ன விதத்துக்காகவாவது சங்கத்திலிருந்து யாராவது மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அந்த இளைஞருக்குச் சொன்னது தவறான தகவல். உங்கள் சங்கத்தைப் போன்ற சமூக சேவைச் சங்கத்தில் வேலை அனுமதி உள்ளவர் சாதாரண உறுப்பினராக இருப்பதைச் சங்கங்கள் சட்டம் தடுக்கவில்லை. கட்டுப்பாடு வருவது பொறுப்புகளில்தான். பதிவாளர் அலுவலகம் தந்திருக்கும், பல சங்கங்கள் பின்பற்றும் மாதிரி விதிகளில், செயற்குழுவில் பெரும்பான்மையினர் குடிமக்களாக இருக்க வேண்டும், தலைவர், செயலாளர், பொருளாளர், அவர்களுடைய துணைப் பொறுப்பாளர்கள் ஆகியோர் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும் என்று இருக்கும். அந்த ஏற்பாடு உறுப்பியத்தைத் தொடுவதில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் அந்தத் தம்பி கவனமாக இருக்கட்டும். அவருடைய அனுமதி அதில் குறிப்பிட்ட முதலாளியிடம் வேலை செய்வதற்கானது. அதனால் சங்கத்திடமிருந்து சம்பளம், கைக்காசு, ‘ஓவர்டைம்’ போல எதையும் வாங்கக்கூடாது. யாராவது கொடுக்க முன்வந்தால், மனிதவள அமைச்சிடம் முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். நீங்கள் சிக்கலில் மாட்டினால் ஒரு மனஸ்தாபத்தோடு போகும். அவருக்கோ பிழைப்பே போகும். அவர் சார்பில் எதையும் எழுதுவதற்கு முன் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். அவர் பெயர் வெளியில் வர வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

பெரிய சங்கங்களும் இப்படித்தான் இருந்தன

“ரோட்டரி, லயன்ஸ் போன்ற பெரிய சங்கங்களில் ஆரம்பத்திலிருந்தே பெண்கள் இருக்கும்போது இவர்களுக்கு என்ன?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரம்பத்திலிருந்து இல்லை. ரோட்டரி 1905இல் சிகாகோவில் தொடங்கியது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் விதியிலேயே ஆண்கள் மட்டும் என்று இருந்தது. கலிஃபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சிற்றூரின் ரோட்டரி கிளப்பில் உறுப்பினர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனதால், 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே தலைமையகம் அந்தக் கிளப்பின் அங்கீகாரத்தைப் பறித்தது. அவர்கள் கலைந்துபோகவில்லை. ‘முன்னாள் ரோட்டரி கிளப்’ என்று தங்களை அழைத்துக்கொண்டு கூடினார்கள், வழக்கும் போட்டார்கள். 1987 மே 4ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சில்வியா விட்லாக் அந்த டுவார்ட்டே கிளப்பின் தலைவரானார். ரோட்டரி கிளப் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவர்தான். 1987இலேயே லயன்ஸ் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. 1989இல் ரோட்டரி உலகம் முழுவதற்குமான தன் விதியை மாற்றியது. அனைத்துலகத் தலைவர் பதவிக்கு ஒரு பெண் வர ரோட்டரியில் 2022 ஆயிற்று.

இதைக் கேட்டதும் நாமும் வழக்குப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். டுவார்ட்டே கிளப்புக்குப் பின்னால் பாகுபாட்டைத் தடுக்கும் கலிஃபோர்னியாவின் குடிமை உரிமைச் சட்டம் இருந்தது, நமக்கு அப்படி ஒன்று இல்லை என்பதை மேலே சொன்னேன். இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: அங்கே பெண்களைச் சேர்த்தது உள்ளே இருந்த ஆண்கள். தலைமையகம் மிரட்டியபோதும் அவர்கள் பின்வாங்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் உங்களுக்கு ‘மகளிர் அணி’ அல்லது ‘இணை உறுப்பினர்’ என்று ஏதாவது தருவதாகச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். அது வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வாக்கு உண்டா? ரோட்டரி உறுப்பினர்களின் மனைவியர் 1924இல் மான்செஸ்டரில் தொடங்கிய இன்னர் வீல், தன் விதிகளைத் தானே வகுத்து, தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கும் அமைப்பு. அப்படியொரு தனி அமைப்பு வேண்டுமென்று பெண்களே விரும்பினால் அது மரியாதைக்குரிய வழி. பொதுக்கூட்டத்தில் வாக்கும் இல்லாமல், கணக்கைப் பார்க்கும் உரிமையும் இல்லாமல், விருந்தில் மேடை அலங்காரத்தை மட்டும் கவனிக்கும் அணியென்றால், அது மஞ்சள் சட்டையின் இன்னொரு பெயர்தான்.

சாவி உங்கள் கணவர் கையில்

உங்களால் செய்ய முடியாததை அவரால் செய்ய முடியும். உறுப்பினர் என்ற முறையில் விதிப்படி நடக்கக் கோரும் உரிமை அவருக்கு இருக்கிறது. மாதிரி விதிகளை ஒட்டித்தான் உங்கள் விதிகளும் இருக்கும் என்று தோன்றுகிறது. இருந்தாலும் முழுப் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டே இதைச் செய்யுங்கள். மாதிரி விதிகளின்படி, பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் ஒரு விஷயத்தைச் சேர்க்க விரும்பும் உறுப்பினர், கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு செயலாளருக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும். வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் கால்வாசிப் பேர் அல்லது முப்பது பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் கையெழுத்திட்டால் சிறப்புப் பொதுக்கூட்டமும் கூட்டச் செய்யலாம். நாற்பத்தாறு பேர் உள்ள சங்கத்தில் அது பன்னிரண்டு கையெழுத்து.

என் யோசனை, விதித் திருத்தத்தில் தொடங்காதீர்கள். திருத்தம் நிறைவேறக் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு வேண்டும். பதிவாளரின் ஒப்புதல் இல்லாமல் அது நடைமுறைக்கும் வராது. கூட்டத்துக்குப் போதிய ஆள் வராமல் அரைமணி நேரம் தள்ளி நடத்தும்போது, அந்தக் கூட்டத்தால் விதிகளைத் திருத்தவே முடியாது என்றும் மாதிரி விதிகள் சொல்கின்றன. பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். உங்களுக்கோ திருத்தமே தேவைப்படாமல் போகலாம், ஏனென்றால் விதி ஏற்கெனவே எவரும் என்றுதான் சொல்கிறது. அதனால் ஒரு சாதாரணத் தீர்மானம் போதும்: “உறுப்பினர் தகுதி விதியில் உள்ள ‘எவரும்’ என்பது ஆண், பெண், இனம், சமயம், குடிநுழைவுத் தகுதி, உடற்குறை ஆகிய எதையும் பார்க்காமல் எல்லோரையும் குறிக்கும்; விண்ணப்பத்தை நிராகரிக்கும்போது செயற்குழு காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.” பொதுக்கூட்டத்தின் விருப்பத்துக்கு மாறாகச் செயற்குழு நடக்கக்கூடாது, அது பொதுக்கூட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்பதும் மாதிரி விதிகளில் உண்டு. தீர்மானம் நிறைவேறிய பிறகு மூவரும் மறுபடி விண்ணப்பியுங்கள்.

உங்கள் கணவர் தயங்குவது எனக்குப் புரிகிறது. பதினோரு ஆண்டு நட்பு, கல்யாணம் காட்சி எல்லாவற்றிலும் கூட நின்றவர்கள். அவரைக் கோழை என்று நினைக்க வேண்டாம், அந்தக் கோபம் உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் தெரிகிறது. தனியாக எழுந்து நிற்கச் சொன்னால் யாருக்கும் கஷ்டம்தான். நீலச் சட்டைக்காரர்களில் யாருடைய மனைவியும் மகளும் மஞ்சள் சட்டையில் நிற்கிறார்களோ அவர்களிடம் முதலில் பேசச் சொல்லுங்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் அது ஒருவருடைய குடும்பப் பிரச்சினையாகத் தெரியாது.

எதிர்த்தரப்பின் பயத்தையும் நேர்மையாகக் கேளுங்கள். திடீரென்று முப்பது புதிய ஆட்கள் சேர்ந்து தேர்தலில் சங்கத்தைக் கைப்பற்றிவிடுவார்களோ என்ற கவலை பழைய உறுப்பினர்களுக்கு இருக்கும். சங்கங்களில் நடக்காததும் இல்லை. சேர்ந்து ஓராண்டு சேவை செய்த பிறகே வாக்குரிமை என்று ஓர் ஏற்பாடு செய்தால் அந்தக் கவலை தீரும். ஆணோ பெண்ணோ, புதிதாக வரும் எல்லோருக்கும் அது ஒன்றுபோல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஏற்பாடு மட்டும் விதித் திருத்தமாகத்தான் வர வேண்டும்.

இன்னொன்று, விதியில் எவரும் என்று இருந்தாலும் வழக்கத்தில் ஆளை வடிகட்டும் விஷயங்கள் உண்டு. நுழைவுக் கட்டணம் முந்நூறு வெள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். கப்பல் பட்டறைத் தம்பி ஊருக்கு அனுப்பும் பணத்திலிருந்து அதை எப்படி எடுப்பார்? மாதக் கூட்டம் புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, மின்தூக்கி இல்லாத கடைவீட்டின் இரண்டாம் மாடியில். சின்னப் பிள்ளை உள்ள தாயும், ஷிஃப்ட் வேலைக்காரரும், சக்கர நாற்காலியில் வருபவரும் அந்தப் படிக்கட்டோடு நின்றுவிடுவார்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லாமலே. ஞாயிறு விநியோகம் முடிந்ததும் பக்கத்துச் சமூக மன்றத்தில் ஓர் அறை எடுத்துக் கூட்டத்தை நடத்துங்கள், கட்டணத்தைத் தவணையாக வாங்குங்கள் என்று கேட்கலாம். இதற்கு எந்தப் பதிவாளரின் அனுமதியும் வேண்டாம். என் அனுபவத்தில் இந்த மாதிரி சின்ன மாற்றங்களுக்குத்தான் பெரியவர்கள் முதலில் இணங்குவார்கள்.

ஃபேஸ்புக், தனிச் சங்கம், மத்தியஸ்தம்

ஃபேஸ்புக்கில் இப்போது எழுத வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதினாலும், அவதூறு வழக்கு வந்தால் அது உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் மேல் விழும். துணைத்தலைவர் சொன்னவை எல்லாம் வாய்வார்த்தை, எழுத்தில் எதுவும் இல்லை. பதிவில் ‘இனவெறி’, ‘பணத்தைச் சுருட்டுகிறார்கள்’ போன்ற சொற்கள் கோபத்தில் நுழைந்துவிடும், பின்னூட்டங்களில் மற்றவர்கள் இன்னும் மோசமாக எழுதுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதும் வெளியிடுவதுதான், தனிப்பட்ட பேச்சு என்று தப்பிக்க முடியாது. அதற்குப் பதில், யார், எப்போது, என்ன சொன்னார் என்று நினைவில் இருக்கும்போதே தேதியோடு குறித்து வையுங்கள். செயலாளருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, நிராகரித்த காரணத்தைக் கேளுங்கள். பதில் வராமல் போகலாம். அப்படியென்றால் அதையும் உங்கள் கணவர் பொதுக்கூட்டத்தில் எடுத்துச் சொல்லலாம்.

தனியாகப் பிரிந்து உடனே தொடங்குவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து நடத்தும் எந்தக் குழுவும் சங்கங்கள் சட்டத்தின்கீழ் ‘சங்கம்’ என்ற விளக்கத்துக்குள் வந்துவிடலாம். பதிவு இல்லாமல் நடத்தினால் அது சட்டவிரோதச் சங்கமாகக் கருதப்படும், நல்ல நோக்கம் என்பது தற்காப்பு ஆகாது. நன்கொடை திரட்டத் தனி அனுமதிகள் தேவைப்படும். புதிய சங்கம்தான் வழி என்றால் முதலில் பதிவு, பிறகு சமையல். உங்கள் குழுவில் வெளிநாட்டினரும் பல இனத்தவரும் இருப்பது அதற்குத் தடையில்லை. அதுவரை சும்மா இருக்க வேண்டும் என்பதில்லை. சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள், வட்டார எஸ்ஜி கேர்ஸ் தொண்டூழிய நிலையங்கள் என்று ஏற்கெனவே இருக்கும் குடையின்கீழ் உங்கள் மஞ்சள் சட்டைக் குழு அப்படியே வேலை செய்யலாம்.

உட்கார்ந்து பேச இரு தரப்பும் தயாராக இருந்தால், சட்ட அமைச்சின் சமூக மத்தியஸ்த நிலையத்தை அணுகலாம். அங்கே பயிற்சி பெற்ற தொண்டூழிய மத்தியஸ்தர்கள் நடுவில் இருந்து பேச வைப்பார்கள், செலவும் மிகக் குறைவு. நீதிமன்றத்தை நான் சிபாரிசு செய்யவில்லை. உங்கள் கணவர் உறுப்பினராக வழக்குத் தொடுக்கலாம் என்பது ஏட்டளவில் உண்மை. செயற்குழு விதியை நல்லெண்ணத்தோடு பயன்படுத்தவில்லை என்று வாதிடவும் இடம் இருக்கிறது. ஆனால் அந்தச் செலவில் இரண்டு ஆண்டுக்கு இட்லி கொடுத்துவிடலாம், அதோடு தீர்ப்பு வரும்போது பேச்சுவார்த்தைக்கு ஆளே மிஞ்சமாட்டார்கள்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் மார்ச் மாதக் கடைசியில் என்று எழுதியிருந்தீர்கள். அறிவிப்பு வந்த அன்றே தேதியை எண்ணிக்கொள்ளுங்கள், ஒரு வாரக் கெடு தவறினால் சிறப்புக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு கையெழுத்து திரட்ட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆண்டுதான். சங்கம் அறநிறுவனமாகவும் பதிவு செய்திருக்கிறதா என்று அறநிறுவன இணையவாசலில் பார்த்து வையுங்கள். பதிவு செய்திருந்தால் நல்லாட்சி நெறிமுறைகளையும் தீர்மானத்தில் குறிப்பிடலாம். விதிப்புத்தகத்தின் முழுப் பிரதியும் கூட்ட அறிவிப்பும் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள், கையெழுத்து வாங்கும் முன் தீர்மானத்தின் வாசகத்தைச் சரிபார்த்துத் தருகிறேன்.